பக்கவாட்டில் கதவு வைத்த விமானம்

அமெரிக்காவின் எவரெட் நகரில் உள்ள போயிங் ஆலையில் கட்டப்பட்ட அந்த விமானம் 1977 ஏப்ரல் 25 அன்று முதன்முறையாகப் பறந்தது. 747 குடும்பத்தில் அது குட்டை ரகம். ‘747எஸ்பி’ என்று பெயர். வழக்கமான 747ஐவிட ஏறத்தாழ 14 மீட்டர் நீளம் குறைவு. உடம்பு குறைந்ததால் எடையும் குறைந்தது. ஆனால் இறக்கையின் அகலமும் என்ஜின்களின் வலுவும் குறையவில்லை. ஆகவே மற்ற 747களைவிட உயரமாகவும் தொலைவாகவும் அதனால் போக முடிந்தது. நியூயார்க்கில் கிளம்பினால் வழியில் எங்கும் எண்ணெய் நிரப்பாமல் டோக்கியோவில் இறங்க வேண்டும் என்று பான் அமெரிக்கன் நிறுவனம் கேட்டதன் பலனாக உருவான ரகம் அது. மொத்தமே 45 விமானங்கள்தான் இந்த ரகத்தில் தயாராயின.

மே 20ஆம் தேதி அதற்குப் பெயர்சூட்டு விழா. சார்லஸ் லிண்ட்பெர்க் நியூயார்க்கிலிருந்து தன்னந்தனியாகக் கிளம்பி அட்லாண்டிக்கைத் தாண்டிப் பாரிஸ் போனாரே, அந்தப் பயணம் தொடங்கி 50 ஆண்டு நிறைந்த நாள் அது. லிண்ட்பெர்க் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டதால், அவருடைய மனைவியும் எழுத்தாளருமான ஆன் மாரோ லிண்ட்பெர்க் வந்து ‘கிளிப்பர் லிண்ட்பெர்க்’ என்று விமானத்துக்குப் பெயர் வைத்தார்.

அடுத்த பதினெட்டு ஆண்டுகள் அது பயணிகளைச் சுமந்தது. 1986இல் பான் அமெரிக்கன் தன் பசிபிக் வழித்தடங்களை விற்றபோது யுனைடெட் ஏர்லைன்ஸுக்குக் கைமாறியது. 1995 டிசம்பரில் பறப்பதை நிறுத்திவிட்டு ஒதுக்கிவைத்தார்கள். அதற்குள் சாதாரண 747களே அவ்வளவு தூரம் போக ஆரம்பித்திருந்தன. குட்டை விமானத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. பெரும்பாலான விமானங்களுக்கு இந்த இடத்தில் கதை முடிந்துவிடும். பாகம் பாகமாகப் பிரித்து உதிரியாக விற்பார்கள். இந்த விமானத்துக்கு இங்கேதான் கதை தொடங்குகிறது. ஏனென்றால் அந்த நேரத்தில் உயரத்தில் நெடுநேரம் பறக்கக்கூடிய, வயிறு அகன்ற ஒரு விமானத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள் வானியலாளர்கள்.

தொலைநோக்கியை எதற்காக விமானத்தில் ஏற்ற வேண்டும்? கண்ணுக்குத் தெரியும் ஒளிக்குச் சிவப்பின் பக்கமாக அப்பாலும் கதிர்கள் உண்டு என்பதை வில்லியம் ஹெர்ஷல் 1800இல் முப்பட்டகத்தையும் வெப்பமானிகளையும் வைத்துக் கண்டுபிடித்தார். அதுதான் அகச்சிவப்பு. சூடு உள்ள எல்லாப் பொருளும் அதை உமிழ்கிறது. நட்சத்திரங்கள் பிறக்கும் இடங்கள் அடர்ந்த தூசு மேகங்களுக்கு உள்ளே இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் ஒளி அந்தத் தூசைத் தாண்டி வராது, அகச்சிவப்பு வரும். தூசே வெதுவெதுப்பாகி அகச்சிவப்பில் ஒளிரும். பிரபஞ்சத்தில் எது எப்படிப் பிறந்தது என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதிர்கள் இல்லாமல் முடியாது.

ஆனால் பூமியில் நின்று பார்ப்பவருக்கு நம் காற்றில் உள்ள நீராவி அவற்றில் பெரும் பகுதியை விழுங்கிவிடுகிறது. குறிப்பாக முப்பது மைக்ரானில் தொடங்கி முந்நூறு மைக்ரான் வரை அலைநீளம் கொண்ட தொலை அகச்சிவப்பு, உலகின் மிக வறண்ட மலையுச்சிகளுக்குக்கூட ஒழுங்காக வந்து சேருவதில்லை. நீராவியின் பெரும் பகுதி வளிமண்டலத்தின் கீழ் அடுக்கில்தான் கிடக்கிறது. 12 கிலோமீட்டருக்கு மேலே ஏறிவிட்டால் 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட நீராவி காலுக்குக் கீழே போய்விடும். அந்த உயரத்துக்கு ராக்கெட் வேண்டாம். விமானமே போதும்.

இதை முதலில் செய்து காட்டியவர்களில் ஃபிராங்க் லோ முக்கியமானவர். ஜெர்மேனியத்தால் ஆன, மிக நுண்ணிய வெப்பத்தையும் உணரக்கூடிய கருவியை 1961இல் உருவாக்கியவர் அவர். 1960களின் பிற்பகுதியில் லியர்ஜெட் என்ற சிறு விமானத்தில் 30 செ.மீ. தொலைநோக்கி ஒன்றைப் பொருத்திப் பறந்தார்கள். வியாழனும் சனியும் சூரியனிடமிருந்து பெறும் வெப்பத்தைவிட அதிகமான வெப்பத்தை வெளியே விடுகின்றன என்று அந்தச் சிறிய தொலைநோக்கியை வைத்தே லோவும் அவருடைய குழுவினரும் சொன்னார்கள். இரு கோள்களுக்குள்ளும் சொந்த வெப்பம் இருக்கிறது என்று பொருள். இன்றைக்கும் பாடப்புத்தகத்தில் இருக்கும் செய்தி இது.

இந்தத் துறை உயிர்ப்பலியும் கொடுத்திருக்கிறது. ‘கலிலியோ’ என்று பெயரிட்டு நாசா வைத்திருந்த கான்வேர் 990 விமானம் சூரிய கிரகணங்களைத் துரத்திப் படம் எடுத்தது. வானியலாளர் ஜெரார்ட் கைப்பர் அதில் ஏறி வெள்ளிக் கோளின் மேகங்களை ஆராய்ந்தார். 1973 ஏப்ரல் 12 அன்று கலிஃபோர்னியாவின் மோஃபெட் ஃபீல்டில் தரையிறங்கும் நேரத்தில் அது கடற்படை விமானம் ஒன்றோடு மோதியது. கலிலியோவில் இருந்த 11 பேரும் இறந்தார்கள். கடற்படை விமானத்தில் ஆறு பேரில் ஒருவர்தான் பிழைத்தார்.

அடுத்த ஆண்டே பெரிய விமானம் வந்துவிட்டது. லாக்ஹீட் சி-141 ரக ராணுவச் சரக்கு விமானத்தில் 91.5 செ.மீ. தொலைநோக்கி. 1973 இறுதியில் காலமான கைப்பரின் பெயரை 1975இல் அதற்குச் சூட்டினார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய இந்தக் கைப்பர் வான் ஆய்வகம் செய்த ஒரு வேலையைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. அதில் நம் ஜவ்வாது மலைக்கும் பங்கு உண்டு.

1977 மார்ச் 10. யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்துபோகப் போகிறது. நட்சத்திரத்தின் ஒளி எப்போது மறைகிறது, எப்போது திரும்புகிறது என்று அளந்தால் கோளின் விட்டத்தையும் அதன் வளிமண்டலத்தையும் கணக்கிடலாம். நோக்கம் அவ்வளவுதான். ஜேம்ஸ் எலியட், எட்வர்ட் டன்ஹாம், ஜெசிகா மிங்க் ஆகியோரின் குழு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து கைப்பர் விமானத்தில் கிளம்பி இந்தியப் பெருங்கடலின் மேல் பறந்தது. கணிப்பு முன்பின் ஆகலாம் என்பதால் எலியட் கருவிகளை வெகு முன்பாகவே ஓட விட்டார். கோள் இன்னும் நட்சத்திரத்தை நெருங்கவே இல்லை. வரைபடத்தில் ஒளி சட்டென்று மங்கி மீண்டது. பிறகு மறுபடி. இப்படி ஐந்து முறை. மேகமா, கருவிக் கோளாறா என்று விமானத்துக்குள்ளேயே பேச்சு எழுந்தது. கோள் நட்சத்திரத்தை மறைத்து விலகிய பிறகும் மங்கல்கள் வந்தன. முன்னால் வந்தவற்றையும் பின்னால் வந்தவற்றையும் ஒப்பிட்டபோது தொலைவுகள் பொருந்தின. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருந்தன. சனிக்கு மட்டுமே வளையம் உண்டு என்று மூன்று நூற்றாண்டுகளாக நம்பியிருந்த உலகத்துக்கு அது பெரிய செய்தி.

அதே இரவு, அதே நட்சத்திரத்தை ஜவ்வாது மலையின் காவலூரில் இருந்த 102 செ.மீ. தொலைநோக்கியும் பார்த்துக்கொண்டிருந்தது. ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் நட்சத்திர ஒளி சில விநாடிகள் மங்கியதைப் பதிவு செய்தார்கள். யுரேனஸின் புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அவர்கள் பிடித்ததும் வளையத்தின் நிழலைத்தான். விமானத்தில் இருந்தவர்களுக்கு இரு பக்க மங்கல்களும் முழு வரிசையாகக் கிடைத்தன; அதனால் அவர்களால் வளையம் என்று அடித்துச் சொல்ல முடிந்தது. எங்கே வேண்டுமோ அங்கே போய் நிற்கும் தொலைநோக்கிக்கு இருக்கும் பலம் இதுதான். நிழல் எங்கே விழுகிறதோ, அங்கே விமானம் போய்விடும். காவலூர்த் தொலைநோக்கிக்கு நிழல் மலை தேடி வர வேண்டும்.

அந்த மார்ச் மாதம் எவரெட் ஆலையில் நம் 747எஸ்பி கட்டி முடியும் தறுவாயில் இருந்தது. ஆறு வாரம் கழித்துத்தான் அது முதன்முதலில் பறந்தது.

கைப்பர் விமானத்தை 1995இல் ஓய்வுபெறச் செய்தார்கள். அதற்குச் செலவிட்ட பணத்தை மிச்சம் பிடித்து அடுத்த பெரிய ஆய்வகத்தைக் கட்டுவது திட்டம். நாசாவும் ஜெர்மனியின் விண்வெளி மையமும் கைகோத்தன. செலவில் 80 பங்கு அமெரிக்காவுடையது, 20 பங்கு ஜெர்மனியுடையது. விமானம் அவர்கள் பொறுப்பு, தொலைநோக்கி இவர்கள் பொறுப்பு. 1997இல் கிளிப்பர் லிண்ட்பெர்க் வாங்கப்பட்டது. ‘அகச்சிவப்பு வானியலுக்கான ஸ்ட்ராட்டோஸ்பியர் ஆய்வகம்’ என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்குப் புதுப் பெயர் வைத்தார்கள்: சோஃபியா.

இனி விமானத்தில் ஓட்டை போட வேண்டும். டெக்சாஸ் மாநிலத்தின் வேகோ நகரத்தில் அந்த வேலை நடந்தது. இறக்கைக்குப் பின்னால், இடது பக்கத்தில், ஏறத்தாழ ஐந்து மீட்டர் உயரத்துக்கு விமானத்தின் தோலையும் விலா எலும்புகளையும் வெட்டி எடுத்துக் கதவு வைத்தார்கள். விமானத்தின் உடம்பு என்பது காற்றழுத்தத்தைத் தாங்கும் ஒரே குழாய். அதில் இவ்வளவு பெரிய துளை போட்டால் வலுவே போய்விடும். ஆகவே துளையைச் சுற்றிக் கூடுதல் சட்டங்கள் வைத்துப் பலப்படுத்தினார்கள். மனிதர்கள் இருக்கும் முன்பகுதிக்கும் திறந்து கிடக்கும் பின்பகுதிக்கும் நடுவே 6.4 மீட்டர் விட்டத்தில் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்து வேலை செய்யலாம். அந்தப் பக்கம் மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே குளிர், மூச்சுவிடக் காற்று போதாது.

காற்றோட்டம் இன்னொரு சிக்கல். காலிப் பாட்டிலின் வாயருகே ஊதினால் அது ஊளையிடும் அல்லவா, மணிக்கு எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் விமானத்தில் கதவைத் திறந்தால் அந்தப் பெரிய குழியும் அப்படித்தான் அதிர ஆரம்பிக்கும். நட்சத்திரத்தைப் பார்ப்பதிருக்கட்டும், கருவிகளே நொறுங்கிவிடும். திறப்பின் பின் விளிம்பைச் சரிவாக வளைத்து அமைத்து, காற்று உள்ளே புகாமல் வழுக்கிக்கொண்டு மேலே போகும்படி செய்தார்கள். காற்றுச் சுரங்கங்களில் மாதிரிகளை வைத்துப் பல ஆண்டுகள் சோதித்த பிறகே அந்த வடிவம் கைக்கு வந்தது. இந்தத் திட்டத்தில் கண்ணுக்கு அதிகம் தெரியாத, ஆனால் ஆகக் கடினமான பொறியியல் வேலை இதுதான் என்பது என் எண்ணம்.

தொலைநோக்கி ஜெர்மனியில் தயாரானது. 2.7 மீட்டர் விட்டமுள்ள அதன் முதன்மைக் கண்ணாடியை மைன்ஸ் நகரின் ஷாட் நிறுவனம் ‘செரோடூர்’ என்ற பீங்கான்கண்ணாடியில் வார்த்தது. வெயிலிலும் குளிரிலும் கிட்டத்தட்ட விரியாத, சுருங்காத பொருள் அது. பிரான்சில் அதன் முதுகுப் பக்கத்தை அறுகோண அறைகளாகக் குடைந்து குடைந்து 880 கிலோவுக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு முகத்தை மெருகேற்றினார்கள். எல்லாம் சேர்ந்து தொலைநோக்கியின் எடை 17 டன். 2002இல் அது வேகோவுக்கு வந்து சேர்ந்தது.

17 டன் பொருளை, ஆடிக்கொண்டும் குலுங்கிக்கொண்டும் போகும் விமானத்தில் அசையாமல் ஒரே நட்சத்திரத்தில் நிறுத்துவது எப்படி? இங்கேதான் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். தடுப்புச் சுவரின் நடுவில் 1.2 மீட்டர் விட்டத்தில் ஓர் உருண்டை. வழவழவென்று தேய்த்தது. அதைச் சுற்றி அழுத்தத்தோடு எண்ணெய் பாய்ச்சுகிறார்கள். மிக மெல்லிய அந்த எண்ணெய்ப் படலத்தின் மேல் உருண்டை மிதக்கிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. உருண்டையின் ஒரு பக்கம், சுவருக்கு அப்பால், கண்ணாடிகளைத் தாங்கிய சட்டம். மறு பக்கம், பயணிகள் இருந்த இடத்தில், ஆராய்ச்சிக் கருவிகளும் எடைக்கட்டிகளும். இரு பக்கமும் துல்லியமாகச் சமன் செய்யப்பட்டிருப்பதால் 17 டன்னையும் ஒரு கையால் தள்ளி அசைக்கலாம். உள்ளே நிற்பவர்களுக்குத் தொலைநோக்கி ஆடுவது போலத் தோன்றும். உண்மையில் தொலைநோக்கி நட்சத்திரத்தையே பார்த்து அசையாமல் நிற்க, விமானம்தான் அதைச் சுற்றி ஆடிக்கொண்டிருக்கிறது.

இத்தனையும் காலத்தையும் பணத்தையும் தின்றன. 2001 வாக்கில் பறக்க வேண்டிய திட்டம் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. 2006 பிப்ரவரியில் வந்த நாசாவின் வரவுசெலவுத் திட்டத்தில் சோஃபியாவுக்கு எதிரே பூஜ்யம் போட்டிருந்தது. ஓட்டையும் போட்டாயிற்று, தொலைநோக்கியும் உள்ளே வந்தாயிற்று, பறக்கப் போகிற நேரத்தில் நிறுத்துவதா என்று அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் எதிர்ப்பு கிளம்பியது. மறு ஆய்வு நடந்து, ஜூன் மாதம் திட்டம் உயிர் பெற்றது. 2007 ஏப்ரல் 26 அன்று வேகோவிலிருந்து சோஃபியா முதன்முறையாக எழும்பியது. விமானமாக அது முதலில் பறந்து 30 ஆண்டும் ஒரு நாளும் ஆகியிருந்தன. அடுத்த மாதம் லிண்ட்பெர்க்கின் பேரன் எரிக் வந்து பழைய பெயரையே மறுபடி சூட்டினார்.

கதவைத் திறந்துகொண்டு பறக்க இன்னும் இரண்டரை ஆண்டு ஆயிற்று. 2009 டிசம்பர் 18 அன்று கதவைக் கொஞ்சம் திறந்தார்கள், பாதி வரை கொண்டுபோனார்கள், கடைசியில் முழுதாகத் திறந்து இரண்டு நிமிடம் பறந்தார்கள். விமானம் சொன்னபடி கேட்டது. கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதே பைலட்டுக்குத் தெரியாத அளவுக்குக் காற்று ஒழுங்காக ஓடியது. 2010 மே 26 அன்று வியாழனையும் எம்82 என்ற விண்மீன் மண்டலத்தையும் முதன்முறையாகப் படம் எடுத்தார்கள்.

சோஃபியாவில் ஓர் இரவு எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாவின் பாம்டேல் அதன் வீடு. பெரும்பாலும் அந்தி சாயும் நேரத்தில் கிளம்பி, பத்து மணி நேரம் பறந்து, விடிவதற்குள் திரும்பும். தொலைநோக்கியை மேலும் கீழும்தான் நன்றாகத் திருப்ப முடியும், ஏறத்தாழ 20 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை. இடம் வலமாக மூன்று டிகிரிதான். ஆகவே தொலைநோக்கியை நட்சத்திரத்தை நோக்கித் திருப்ப வேண்டுமானால் விமானத்தையே திருப்ப வேண்டும். நட்சத்திரம் எப்போதும் இடது கைப் பக்கம் இருந்தாக வேண்டும். எந்த நட்சத்திரத்தை எத்தனை நேரம் பார்க்க வேண்டும் என்று முதலில் முடிவாகும். அதிலிருந்து விமானத்தின் பாதை பிறக்கும். ஒரு பொருளை ஒன்றரை மணி நேரம் பார்க்க வேண்டுமானால் ஒன்றரை மணி நேரம் அந்தத் திசையில் நேர்கோடு. அடுத்த பொருளுக்கு ஒரு திருப்பம். இப்படித் துண்டு துண்டாகப் போனாலும் கடைசித் துண்டு வீட்டு வாசலில் வந்து முடிய வேண்டும். வானத்தின் ஏதேதோ மூலைகளில் கிடக்கும் பொருள்களை இப்படி ஒரே இரவுக்குள் கோப்பதற்கென்றே தனியாகத் திட்டமிடுவோர் இருந்தார்கள்.

உள்ளே சத்தம் அதிகம் என்பதால் எல்லோரும் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டே பேசினார்கள். ஒரு மேசையில் தொலைநோக்கியை இயக்குபவர், இன்னொன்றில் பயண இயக்குநர், கருவிக்கு அருகில் அதைக் கட்டிய ஆராய்ச்சியாளர்கள். பல கருவிகளைத் திரவ ஹீலியத்தால் குளிர்வித்தார்கள். கருவியே சூடாக இருந்தால் அது உமிழும் அகச்சிவப்பில் நட்சத்திரம் காணாமல் போய்விடும். பள்ளி ஆசிரியர்களையும் தேர்ந்தெடுத்து விமானத்தில் ஏற்றிப் பறந்தார்கள். தன் ஆசிரியர் இரவு முழுவதும் விஞ்ஞானிகளோடு பறந்து வந்தார் என்றால் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு வானியல் எட்டாத விஷயமாக இருக்காது. செயற்கைக்கோள் ஆய்வகத்தால் கொடுக்க முடியாத ஒன்று இது.

இன்னொரு வசதியும் இருந்தது. விண்வெளித் தொலைநோக்கியை ஏவிவிட்டால் பிறகு கைவைக்க முடியாது. சோஃபியா தினமும் காலையில் வீட்டுக்கு வந்தது. கருவியைக் கழற்றி, மேம்படுத்தி, அடுத்த மாதம் மாட்டலாம். தெற்கு வானத்தைப் பார்க்க வேண்டுமா, 2013 முதல் நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சுக்குப் போய்ச் சில வாரம் தங்கியது. நம் விண்மீன் மண்டலத்தின் நடுப்பகுதியும் அதன் துணை மண்டலங்களான மெகல்லன் மேகங்களும் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். 2015 ஜூன் 29 அன்று புளூட்டோ ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது நியூசிலாந்துக்கு அருகே அந்த நிழலின் நடுக்கோட்டிலேயே போய் நின்றது. நிழல் முன்பு கணித்த இடத்துக்கு வெகு வடக்கே விழும் என்று தரையிலிருந்து கடைசி நேரத்தில் தகவல் வர, பறந்துகொண்டிருக்கும்போதே பாதையை மாற்றினார்கள். நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் புளூட்டோவைக் கடந்தது அதற்கு இரண்டு வாரம் கழித்து.

சோஃபியாவின் கண்டுபிடிப்புகளில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது ஹீலியம் ஹைட்ரைடு. பெருவெடிப்புக்குப் பிறகு பிரபஞ்சம் ஓரளவு குளிர்ந்தபோது அணுக்கள் சேர்ந்து உருவான முதல் மூலக்கூறு இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று வேதியியல் சொன்னது. 1925இலேயே ஆய்வுக்கூடத்தில் அதை உண்டாக்கிவிட்டார்கள். வானத்தில்தான் எங்கும் அகப்படவில்லை. முதல் மூலக்கூறே இல்லையென்றால் அதற்கு மேல் எழுப்பிய வேதியியல் கணக்கும் ஆட்டம் காணும். அது உமிழும் கதிர் 149 மைக்ரான் அருகே இருக்கிறது. தரைக்கு அது வரவே வராது. பக்கத்திலேயே வேறொரு மூலக்கூறின் கதிரும் ஒட்டிக்கொண்டிருப்பதால் முந்தைய விண்வெளிக் கருவிகளால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. பான் நகரின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த ரோல்ஃப் கியூஸ்டனும் அவருடைய குழுவும் தங்கள் ‘கிரேட்’ கருவியை அந்த அலைநீளத்துக்கு ஏற்றபடி மேம்படுத்தி 2016 மே மாதம் சோஃபியாவில் மாட்டினார்கள். அன்னம் என்று நாம் சொல்லும் சிக்னஸ் விண்மீன் குழுவில் உள்ள என்ஜிசி 7027 என்ற, செத்துக்கொண்டிருக்கும் நட்சத்திரத்தின் புகைக்கூட்டை நோக்கித் திருப்பினார்கள். கிடைத்துவிட்டது. 2019 ஏப்ரலில் ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வந்தது. பல பத்தாண்டுகளாக நடந்த தேடல், கருவியை வீட்டுக்குக் கொண்டுவந்து மேம்படுத்த முடிந்ததால் முடிந்தது.

இரண்டாவது நிலவின் தண்ணீர். மயில்சாமி அண்ணாதுரையைத் திட்ட இயக்குநராகக் கொண்டு போன சந்திரயான்-1 தன்னோடு எடுத்துச் சென்ற நாசாவின் கருவி, நிலவின் மேற்பரப்பில் நீரின் சாயலை 2009இல் காட்டியது. ஆனால் அது பார்த்த மூன்று மைக்ரான் கதிரில் தண்ணீரும் அதன் உறவான ஹைட்ராக்சிலும் ஒன்று போலவே தெரியும். உண்மையில் தண்ணீர்தானா என்ற கேள்வி நின்றது. ஆறு மைக்ரான் அருகே பார்த்தால் தண்ணீர் மட்டுமே தெரியும். அந்தக் கதிரை நிலவில் பார்க்க அப்போது நிலவைச் சுற்றிக்கொண்டிருந்த எந்தக் கலத்திலும் கருவி இல்லை. கேசி ஹானிபால் என்ற இளம் ஆராய்ச்சியாளர் சோஃபியாவைக் கேட்டார். தொலைதூர நட்சத்திரங்களுக்காகக் கட்டிய தொலைநோக்கியை, அதற்குக் கண்கூசும் அளவுக்குப் பெரிதாகவும் பிரகாசமாகவும் தெரியும் நிலவின் பக்கம் திருப்பலாமா, சரியாகப் பின்தொடர்ந்து நிற்குமா என்ற சோதனையாகத்தான் 2018 ஆகஸ்டில் பார்த்தார்கள். கிளேவியஸ் என்ற பெரும் பள்ளத்தில், சூரிய வெளிச்சம் படும் மண்ணிலேயே, தண்ணீரின் தடம் ஐயத்துக்கு இடமில்லாமல் பதிந்திருந்தது. ஒரு கன மீட்டர் மண்ணில் ஏறத்தாழ 350 மில்லி லிட்டர். சகாரா பாலைவன மண்ணில் இருப்பதில் நூறில் ஒரு பங்கு. குறைவுதான். ஆனால் வெயில் காயும் இடத்தில் அது எப்படித் தங்குகிறது என்பது புதிய கேள்வி. சந்திரயான் எழுப்பிய ஐயத்துக்கு 747 விமானம் பதில் சொன்னது.

2020 அக்டோபரில் இந்தச் செய்தி உலகப் பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்கு வந்தது. அப்போதே சோஃபியாவின் நாள்கள் எண்ணப்பட்டுக்கொண்டிருந்தன. அதை இயக்க ஆண்டுக்கு எட்டரைக் கோடி டாலர் வரை ஆனது. நாசாவின் வானியல் திட்டங்களில் ஹப்பிளுக்கு அடுத்த செலவு. முழுச் செயல்பாட்டுக்கு வந்துவிட்டது என்று 2014இல் அறிவித்த சில வாரங்களிலேயே அரசு அதை நிறுத்திவிடலாம் என்று முன்மொழிந்தது. நாடாளுமன்றம் பணம் கொடுத்துக் காப்பாற்றியது. 2021 நவம்பரில் வந்த வானியலாளர்களின் பத்தாண்டுத் திட்ட அறிக்கை, செலவுக்கு ஏற்ற அறிவியல் வரவில்லை, முடித்துக்கொள்ளலாம் என்றது. 2022 ஏப்ரல் 28 அன்று நாசாவும் ஜெர்மனியும் செப்டம்பர் இறுதியோடு நிறுத்துவதாக அறிவித்தன.

அந்தக் கணக்கில் நியாயம் உண்டு. செலவழித்த பணத்துக்கு வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகள், குறிப்பாக முதல் சில ஆண்டுகளில், குறைவுதான். விமானம் என்றால் எரிபொருள், பராமரிப்பு, பைலட்டுகள், ஹாங்கர் எல்லாம் வேண்டும். ஆனால் மதிப்பீட்டாளர்கள் ஒன்றைப் போதுமான அளவு எடைபோடவில்லை என்பது என் கருத்து. கடைசி நாலைந்து ஆண்டுகளில் சோஃபியா சூடுபிடித்துவிட்டது. புதிய கருவிகள் வந்து, பறக்கும் இரவுகள் கூடி, கட்டுரைகளும் பெருகத் தொடங்கியிருந்தன. விண்வெளியின் காந்தப்புலங்களைத் தூசின் தொலை அகச்சிவப்பு ஒளியிலிருந்து வரைந்துகாட்டும் கருவி அப்போது அதனிடம் மட்டுமே இருந்தது. இருபது ஆண்டு பாடுபட்டுக் கட்டி, எட்டு ஆண்டு ஓட்டி, பலன் தரும் பருவத்தில் நிறுத்தினார்கள்.

2022 ஜூலையில் கிரைஸ்ட்சர்ச்சில் வீசிய புயல்காற்று ஏணிப்படியை விமானத்தின் மேல் மோதவைத்துச் சேதப்படுத்தியது. தெற்கே அதன் கடைசிப் பயணம் பாதியில் முடிந்தது. பழுதுபார்த்துக்கொண்டு திரும்பி மீண்டும் பறந்தது. கடைசி ஆய்வுப் பறப்பை முடித்துக்கொண்டு செப்டம்பர் 29 காலை பாம்டேலில் தரையிறங்கியது. அது 921ஆவது பறப்பு. டிசம்பர் 13 அன்று அரிசோனாவின் டூசான் நகருக்குப் பறந்து போய்ப் பீமா விமான அருங்காட்சியகத்தின் பொறுப்பில் சேர்ந்தது. அமெரிக்கா போகும் தமிழர்கள் அந்தப் பக்கம் போனால் அவசியம் பார்க்க வேண்டும். இடது பக்கம் போய் நின்று, அந்தக் கதவின் பின் விளிம்பு எப்படி வளைந்திருக்கிறது என்று நிதானமாகக் கவனியுங்கள்.

சோஃபியா விட்ட இடத்தை நிரப்ப இன்னும் ஒன்றும் வரவில்லை. ஐரோப்பாவின் ஹெர்ஷல் விண்வெளித் தொலைநோக்கி 2013இலும், நாசாவின் ஸ்பிட்சர் 2020இலும் முடிந்துபோயின. ஜேம்ஸ் வெப் மிகப் பெரியது; ஆனால் அது 28 மைக்ரானோடு நின்றுவிடுகிறது. அண்டார்க்டிகாவில் பறக்கவிடும் பலூன்கள் சில வாரங்கள் பார்த்துவிட்டு இறங்கிவிடுகின்றன. பிரைமா என்ற தொலை அகச்சிவப்பு விண்வெளித் திட்டத்தை நாசா 2024இல் மேலாய்வுக்குத் தேர்ந்தெடுத்தது. அதற்குப் போட்டியாக ஓர் எக்ஸ்-கதிர்த் திட்டமும் இருந்தது. இரண்டில் எது வென்றாலும் ஏவுவதற்குக் குறித்த ஆண்டு 2032. மாற்று தயாராகும் வரை சோஃபியாவைப் பறக்க விட்டிருக்க வேண்டும். நிறுத்தியது தவறு.